இருபது ஆண்டுகளாகக் கொட்டிலில் நிற்கும் மொறிஸ் மைனர்: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

முற்றத்து மைனர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் உள்ள எங்கள் வளவின் பின்புறக் கொட்டிலில், என் அப்பப்பா வாங்கி ஓடிய மொறிஸ் மைனர் கார் ஒன்று 2004 ஆம் ஆண்டு முதல் அசையாமல் நிற்கின்றது. அதனை வீட்டிலேயே வைத்துத் திருத்தி, மீண்டும் வீதியில் ஓடக்கூடிய நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான் மின்னியல் படித்தவன் என்பதால் வயர்களைக் கண்டு அஞ்சமாட்டேன். ஆனால் தகர வேலையிலும் எஞ்சின் வேலையிலும் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே.

முன்கண்ணாடி நடுவில் பிரிவின்றி ஒரே கண்ணாடியாக உள்ளது. பக்கத் தூண்களிலிருந்து வெளியே நீளும் கைகாட்டிகள் இரண்டும் இருக்கின்றன, இடப்பக்கத்தது மட்டும் பாதியில் நின்றுவிட்டது. இலக்கத் தகடு சிறீ எழுத்துடையது. வீட்டார் இதனை ‘ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொடல்’ என்று சொல்வார்கள். ஆனால் பதிவுப் புத்தகத்தில் அந்த விவரம் இருந்த பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டதால் உறுதிப்படுத்த முடியவில்லை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின், யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாவற்றையும் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஊசிமருந்துக் குப்பியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவதும், சூடேறியபின் அது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்வதும், வீதி முழுவதும் வெண்புகை நிற்பதும் என் சிறுவயது நினைவுகள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது பதினொரு பேரையும் இரண்டு நெல்மூட்டைகளையும் சுமந்துகொண்டு சாவகச்சேரி வரை ஊர்ந்து சென்ற கார் இது. ஊர் திரும்பியபின்னும் எட்டு ஆண்டுகள் ஓடியது. அப்பப்பாவின் கண்பார்வை குறைந்ததும் நிறுத்தப்பட்டது.

இப்போதைய நிலை பின்வருமாறு: முன்புறத் துவாரத்தில் ஹான்டிலைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் இம்மியும் அசையவில்லை. பிறேக் பெடல் தரை வரை போகின்றது. சாரதியின் காலடி விரிப்பைத் தூக்கினால் மண் தெரிகின்றது. வெளிப்புறத் தகரம் மட்டும் வியக்கத்தக்க அளவு நன்றாக உள்ளது.

என் திட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் சணி எஞ்சின் ஒன்றைப் பொருத்தலாம் என்றும், அகலமான அலோய் சில்லுகளும் உலோக மினுக்கமுள்ள கடும் நீல வர்ணமும் போடலாம் என்றும் எண்ணியிருந்தேன். பணம் மாதாமாதம் சம்பளத்திலிருந்துதான் வரவேண்டும். கொழும்பிலிருந்து வந்து பார்த்த ஒருவர் உள்ளபடியே வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அப்பாவுக்கும் அதில் மறுப்பில்லை. எனவே முதல் ஆறு மாதத்தில் நான் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஸ்பானர் எழுதியது:

தம்பி, நான் சுன்னாகத்தில் நாற்பது ஆண்டுகள் கராச் வைத்திருந்தவன். நீங்கள் எஞ்சினைப் பற்றி மூன்று வரியும் வர்ணத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதிவிட்டு, காலடியில் மண் தெரிகின்றது என்பதை அரை வரியில் கடந்துவிட்டீர்கள். கேள்வியின் உயிர் அந்த அரை வரியிலேயே இருக்கின்றது.

முதலில் அதன் வயதைப் பார்ப்போம். மைனரின் முன்கண்ணாடி ஒரே துண்டாக மாறியது 1956 இல், மைனர் 1000 வந்தபோது. கைகாட்டிகளை நீக்கி மின்னும் விளக்குகளைப் பொருத்தியது 1961 இல். ஆகவே உங்கள் கார் அந்த இடைவெளிக்குள் பிறந்தது. வீட்டார் சொல்லும் ஐம்பத்தெட்டு பொருந்தக்கூடியதே. எஞ்சினை இடையில் யாரும் மாற்றவில்லை என்றால் அது 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரை வலுவும் உடையதாக இருக்கவேண்டும். டைனமோவுக்கு மேலே, எஞ்சின் உடலில் அறையப்பட்டுள்ள சிறு தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ‘ஒன்பது எம்’ என்று தொடங்கினால் 948 தான். அதன் பின்னர் வரும் எழுத்துகளில் ‘எச்’ இருந்தால் உயர் அழுத்த விகிதம், ‘எல்’ இருந்தால் தாழ் அழுத்த விகிதம்.

இனி காலடிக்கு வருவோம். ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் போன்ற கார்களில் தனியாக ஒரு சட்டகம் உண்டு. உடல் அதன்மீது அமர்ந்திருக்கும். மைனரில் அப்படியில்லை, உடலே சட்டகம். கதவின் கீழ் ஓடும் பெட்டி வடிவத் தகரமும், தரைத் தகரமும், கியர்ப்பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும், பின்புற வில்லுத்தகடுகள் தொங்கும் இடங்களும் சேர்ந்துதான் காரை வளையாமல் வைத்திருக்கின்றன. வெளித் தகரம் பளபளப்பாக இருக்க, இவை நான்கும் கறள் தின்று வெறும் கடதாசியாகிவிட்ட மைனர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்தவர் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தாரா? இல்லையென்றால் அவர் சொன்ன விலைக்கு அர்த்தமில்லை.

ஒரு பழைய ஸ்குறூ டிறைவரையும் சிறிய சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். மேற்சொன்ன இடங்களையும், முன்புறத்தில் முன்சில்லுகளுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள் வந்து சேரும் நீண்ட சட்டக் கால்களையும் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், கெட்டது சத்தென்று ஒலிக்கும். சத்தென்ற இடத்தில் ஸ்குறூ டிறைவரை ஊன்றி அழுத்துங்கள். ஓட்டை விழுந்தால் வருந்தாதீர்கள். அது ஏற்கெனவே அங்கே இருந்த ஓட்டை. சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுப் படமும் எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் காரைத் திருத்துவதா விற்பதா என்ற முடிவு இதிலிருந்துதான் வரவேண்டும்.

வெட்டி ஒட்டவேண்டி வந்தால், ஒருபோதும் இரு பக்கக் கதவடித் தகரங்களையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் பூட்டாது. கதவைக் கழற்றுவதற்கு முன் அதன் இடைவெளிகளை அளந்து எழுதி, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையில் கோண இரும்பு ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டி, ஒரு பக்கத்தை முற்றாக முடித்தபின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். பழைய தகரத்தின் மேல் புதுத் தகரத்தைப் போர்த்தி ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரை அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு தகரங்களுக்கு நடுவில் கறள் வளர்வதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

எஞ்சினை இப்போதைக்கு வற்புறுத்தவேண்டாம். முதலில் கியர் நியூற்றலில் உள்ளதா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம், கியரில் விட்டுவிட்டுச் சிக்கிக்கொண்ட பிறேக்கோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. பின்னர் நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் சமபங்காகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, பத்து நாள் ஊறவிடுங்கள். அதன்பின் பிளக்குகள் இல்லாமலேயே ஹான்டிலை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். நீளக் குழாயைச் செருகிப் பலம் காட்டாதீர்கள். விட்டுக்கொடுத்தால், இயக்குவதற்கு முன் சம்பில், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியில், உள்ள ஒயிலை முழுமையாக வடித்துவிடவேண்டும், ஏனெனில் ஊற்றிய டீசல் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். அசையாவிட்டால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மண்ணெண்ணெய் ஓட்டம் விட்டுச்சென்ற தடயங்களையும் தேடுங்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்துவிடும். ஆகவே றிங்குகளும் பெயரிங்குகளும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சிலிண்டருக்குள் தானாகவே வெடித்து எளிதில் தட்டும் எரிபொருள் என்பதால் அந்நாட்களில் நாங்கள் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித் தீப்பொறியைப் பின்தள்ளி வைத்தோம். என் கராச்சில் இரண்டு ஹெட் கஸ்கற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தத்தைக் குறைத்த கார்களும் உண்டு. உங்கள் கார் அந்த அமைப்பிலேயே நின்றுபோயிருந்தால், பெற்றோலில் அது சோம்பிக் கிடக்கும். எஞ்சின் செத்துவிட்டது என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

ஈயமில்லாப் பெற்றோலால் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு அது உண்மையான பிரச்சினையே. ஹெட்டைக் கழற்றினால் வெளிப்போக்கு வால்வுகளுக்குக் கடினமாக்கிய இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். ஆனால் மண்ணெண்ணெயில் ஈயம் இருந்ததில்லை. நாடு ஈயப் பெற்றோலைக் கைவிட்ட 2002 இற்கு முன்பே யாழ்ப்பாணத்து எஞ்சின்கள் ஈயமில்லாமல் வாழப் பழகிவிட்டன.

றேடியேற்றரையும் சந்தேகியுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கட்டிதான் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கும். கழற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள். இனிமேல் மழைநீரை வடித்து ஊற்றுங்கள்.

குளிர்நாட்டுக் கொக்குவிலான் எழுதியது:

முற்றத்து மைனர் அவர்களுக்கு, நானும் கொக்குவிலைச் சேர்ந்தவன். இப்போது இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்கே பனிக்காலத்தில் வீதியில் உப்பைக் கொட்டுவார்கள், அங்கே கடற்காற்று அதனை இலவசமாகக் கொண்டுவந்து தரும்; எனவே கறளைப் பொறுத்தவரை நம் இருவர் நிலையும் ஒன்றுதான். என்னிடம் உள்ளது 1965 ஆம் ஆண்டு மைனர்.

பெரியவர் சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். உதிரிப்பாகங்களைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். 1948 இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட கார் என்பதால், இதற்கான பாகங்கள் இங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. தரைத் தகரம் முதல் கதவு றப்பர் வரை கிடைக்கும். ஆனால் தகரங்களை இங்கிருந்து வரவழைப்பது பணத்தைக் கடலில் போடுவதாகும். தட்டையான தரைத் தகரங்களை நம்மூர் தகரவேலைக்காரர் பழையதைப் பார்த்து அடித்துத் தருவார். இங்கிருந்து தருவிக்கவேண்டியவை பிறேக் சிலிண்டர்கள், றப்பர் சீல்கள், முன்சில்லின் திருகு முளைகள், காபரேற்றர் ஊசி முதலிய சிறியனவே. ஊருக்கு வரும் யாருடைய பயணப்பையிலும் அவை அடங்கிவிடும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஆனால் நெடுங்காலம் கடையில் கிடந்த றப்பர்ச் சீல் பெட்டியோடு புதிதாகத் தெரிந்தாலும் புதிதல்ல.

திருகு முளைகளைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். மைனரின் முன்சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரையுள்ள முளைகள் இருக்கின்றன. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சில்லு உள்ளே மடங்கிக் கார் மூக்கால் தரையில் விழும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் இது நடக்கும் என்பது ஒன்றே ஆறுதல். உங்கள் கார் இருபது ஆண்டுகள் கிறீஸ் காணாதது. ஓட்டிப் பார்க்கும் ஆசை வருவதற்கு முன் ஜாக்கில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். புதிதாகப் போட்டபின் ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும், சில்லைத் தூக்கிய நிலையில், கிறீஸ் அடியுங்கள். நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்கு அது போய்ச் சேராது.

வர்ணம் பூசுபவரிடம் காரை ஒப்படைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. பொனற்றின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டி ஒன்றைக் காண்பீர்கள். இதனை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரிக் காரின் அகலம் போதாது என்று எண்ணி, உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில் அதனை நெடுக்காக இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே அந்தப் பட்டி. என் காருக்கு வர்ணம் பூசியவர் அதனை யாரோ செய்த பிழையான திருத்தம் என்று நினைத்து, புட்டி வைத்து நிரப்பத் தொடங்கிவிட்டார். நல்லவேளையாக நான் தேநீரோடு அந்தப் பக்கம் போனேன்.

சணி எஞ்சின் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதைப் படித்தால், எஞ்சினை மாற்ற நினைப்பதே பாவம் என்ற எண்ணம் வந்துவிடும். நான் 2011 இல் என் மைனருக்குச் சணியின் ஏ12 எஞ்சினைப் பொருத்தினேன். 1,171 கன சென்ரிமீற்றர், அலுமினிய ஹெட், பாகம் எல்லாச் சந்தியிலும் கிடைக்கும். ஏ9 வீதியால் வவுனியாவுக்கு மாதம் இருமுறை போய் வருகிறேன், நடுவழியில் நின்றதில்லை. வாகனம் ஓடுவதற்கே அன்றிப் பார்த்து ரசிப்பதற்கு அல்ல என்பது என் கருத்து. அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் நேர்மையாகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். கியர்ப்பெட்டி உள்ளே இறங்குவதற்காகத் தரையின் நடு மேட்டையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டவேண்டியிருந்தது. வெட்டிய இடத்தைச் சரியாக வலுப்படுத்தாமல் ஓட்டிய முதல் ஆண்டில், பள்ளத்தில் இறங்கும்போது கதவு தானாகத் திறந்துகொண்டது. வேகமானியும் கேபிளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே பிறேக்கைப் பற்றி யோசித்தேன். உங்கள் காரின் முன் பிறேக் டிறம் ஏழு அங்குலம். 37 குதிரைக்குச் செய்யப்பட்டது. அதனோடு ஒரு சணியை ஓட்டுவது பட்டத்துக்கு நூலில்லாமல் காற்றுப் பார்ப்பது போன்றது. ஆகவே மாற்றுவதானால் பிறேக்கை முதலில் மாற்றுங்கள், எஞ்சினைப் பிறகு மாற்றுங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதியவேண்டும், வர்ணத்துக்கும் அதுவே. நீங்கள் பதிவுப் புத்தகமே சரியாக இல்லாத நிலையில் இருக்கிறீர்கள். காரின் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பழைய பதிவோடு ஒத்திருக்கும்போதே பிரதியைப் பெற்றுக்கொள்வது புத்திசாலித்தனம்.

அலோய் சில்லு விடயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. மைனரின் நான்கு சில்லு முளைகள் நான்கு அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் ஜப்பானியச் சில்லுகளில் பல 100 மில்லிமீற்றர். ‘ஒன்றரை மில்லிமீற்றர்தானே’ என்று நட்டை இறுக்கிப் பொருத்தித் தருபவர்கள் உண்டு. முளை ஒருபக்கமாக இழுபட்டு நிற்கும். என்றோ ஒருநாள் முறியும்.

முற்றத்து மைனர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் காருக்குக் கீழேயே கழித்தேன்.

தட்டிப் பார்த்ததன் முடிவு நான் அஞ்சியதைவிட நல்லது, எதிர்பார்த்ததைவிடக் கெட்டது. முன்சட்டக் கால்கள் இரண்டும் கணீரென்று ஒலிக்கின்றன. எஞ்சினிலிருந்து ஒழுகிய ஒயில் பல ஆண்டுகளாகப் பூசிக் காத்திருக்கிறது போலும். பின்வில்லுத் தொங்கல்களில் வலப்பக்கத்தது நல்லது, இடப்பக்கத்ததில் பெருவிரல் நுழையும் ஓட்டை. சாரதி பக்கத் தரையும் கதவடித் தகரமும் முற்றாகப் போய்விட்டன. மறுபக்கக் கதவடித் தகரத்தில் பின்பாதி மட்டும் கெட்டுள்ளது.

எஞ்சின் தகட்டில் ‘ஒன்பது எம்’ என்றும் அதன்பின் ‘எல்’ என்றும் இருக்கின்றது. ஆகவே தாழ் அழுத்த எஞ்சின். மண்ணெண்ணெயை அது பொறுத்துக்கொண்டதன் இரகசியம் ஒருவேளை அதுவாக இருக்கலாம். ஊறவிட்ட பதினொராம் நாள், ஹான்டில் கால்வட்டம் அசைந்தது. அப்பா கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கொழும்புக்காரருக்குத் தொலைபேசியில் ‘இப்போதைக்கு இல்லை’ என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சணி எஞ்சின் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டேன். எனினும் ஏதாவது ஒரு மேம்பாடு செய்யவேண்டும் என்ற ஆசை போகவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் எஞ்சியுள்ளன. முதலாவது, பிறேக்கின் பிரதான சிலிண்டர் எங்கே இருக்கின்றது என்றே தெரியவில்லை. பொனற்றின் கீழ் அப்படி எதுவும் இல்லை. இரண்டாவது, பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. முதலில் யாரோ செய்த பிழை என்று நினைத்தேன். வயர்களைத் தொடர்ந்து பார்த்தபோது முழுக் காருமே அப்படித்தான் அமைந்திருக்கின்றது. ஒல்ரனேற்றர் போடுவதானால் எதிர்முனையை உடலோடு இணைக்கவேண்டும் என்பது தெரியும். டைனமோவை வைத்துக்கொண்டே முனைகளை மாற்றலாமா?

ஓய்வுபெற்ற ஸ்பானர் எழுதியது:

பிரதான சிலிண்டர் உங்கள் காலுக்குக் கீழே, சாரதி பக்கத் தரையின் அடியில், சட்டக் காலுக்குள் ஒளிந்திருக்கின்றது. விரிப்பின் கீழ் ஒரு சிறு மூடித்தகடு இருக்கும், அதைத் திறந்தால்தான் பிறேக் ஒயில் ஊற்றும் வாய் தெரியும். அந்த இடத்துக்குக் கை போவது கடினம் என்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. அதைக் கழற்றுவதிலும் ஒரு தொல்லை உண்டு: பிடித்திருக்கும் போல்ற்றுகளை வெளியே இழுக்க முடியாமல் முன்சில்லின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியை விலக்கவேண்டி வரும். அது முறுக்கேறிய நிலையில் இருப்பது. கீழ்க் கையை ஜாக்கில் தாங்கி, முறுக்கை முற்றாக இறக்கிய பிறகே தொடவேண்டும். கழற்றும் முன் கம்பியின் பற்களும் அதன் கையும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போடுங்கள். இல்லையென்றால் திருப்பிப் பூட்டும்போது கார் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். மீண்டும் பூட்டும்போது போல்ற்றுகளை எதிர்த்திசையில் செருகிவிட்டால், அடுத்த முறை இந்தச் சங்கடம் இல்லை. சாரதி பக்கத் தரையை எப்படியும் வெட்டப்போகிறீர்கள் அல்லவா? தரை திறந்திருக்கும் நாளிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலந்த குழாய்களைப் போடுங்கள். நம் காற்றில் அவை கறள் பிடிப்பதில்லை.

முனைகளை மாற்றலாம். பற்றரி வயர்களையும் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றிவிட்டு, டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, புதிய முறைப்படி இணைத்த பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரை அதன் ‘எஃப்’ முனையில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள். டைனமோவின் உள்ளிருக்கும் காந்தத்தன்மை திசை மாறிவிடும். மின்னியல் படித்தவருக்கு இதன் காரணத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

மேம்பாட்டு ஆசையைப் பொறுத்தவரை, அது தவறல்ல. ஆனால் அதை இக்காரின் தம்பிகளிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1962 இல் இதே மைனருக்கு 48 குதிரை வலுவுள்ள 1,098 எஞ்சினும், எட்டு அங்குல முன் டிறமும், 4.55 இற்குப் பதிலாக 4.22 விகிதமுள்ள பின் அச்சுப் பற்சக்கரங்களும் வந்தன. அவை உங்கள் காரில் எதையும் வெட்டாமல் பொருந்தும். எங்காவது உடல் செத்த பிந்திய மைனர் கிடந்தால் அதன் பிறேக்கை இப்போதே வாங்கி வையுங்கள். எஞ்சின் பின்னர் பார்க்கலாம். கடைசி மைனர்களில் முன் இருக்கைப் பட்டிகளும் இருந்தன. அவற்றைப் போடவும் யாரும் உங்களைக் கேலி செய்யமாட்டார்கள்.

வர்ணத்துக்கு அவசரப்படாதீர்கள். ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை காற்றில் ஈரம் நிற்கும். அப்போது பூசினால் வர்ணம் வெளுத்து மங்கும், கொம்பிறசரிலிருந்தும் தண்ணீர் தெறிக்கும். தை பிறக்கட்டும். கறளை மணல் வீசி நீக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் மணல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கடற்கரை மணலென்றால் உப்பையும் தகரத்துக்குள் அடித்துவிடுவார், அந்தத் தூசு நுரையீரலுக்கும் ஆகாது. கடினமாக்கி கலந்த இருகூற்று வர்ணத்தை வீட்டில் விசிறவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற்று நச்சைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. அந்த வேலையைக் காற்றூட்டிய முகமூடி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். நீலமா பச்சையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் மினுக்கம் வேண்டாம் என்பது கிழவனின் வேண்டுகோள்.

சாரதி பக்கக் கதவிடைவெளி அளவுகளையும், கோண இரும்பு ஒட்டிய படத்தையும் இங்கே போடுங்கள். நான் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கிறைண்டரைக் கையில் எடுக்கவேண்டாம். சுன்னாகத்திலிருந்து கொக்குவில் தூரமில்லை. படத்தில் விளங்காவிட்டால் ஒரு ஞாயிறு காலை நேரிலேயே வருகிறேன்.

முற்றத்து மைனர் எழுதியது:

ஐயா, அளவுகள் இதோ: சாரதி கதவின் முன்னிடைவெளி மேலே 4 மில்லிமீற்றர், கீழே 7, பின்னிடைவெளி மேலே 6, கீழே 4. மறுபக்கக் கதவில் எல்லா இடத்திலும் 5 இற்கும் 6 இற்கும் இடையில் உள்ளது. கார் ஏற்கெனவே சற்றுத் தொய்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகின்றது. கோண இரும்பை இன்னும் ஒட்டவில்லை. ஞாயிறு காலை வந்தால் நல்லது. அப்பா உங்களை நேரில் காணவேண்டும் என்கிறார்.

ஓய்வுபெற்ற ஸ்பானர் எழுதியது:

தொய்ந்துதான் இருக்கின்றது. ஒட்டாமல் விட்டது நல்லது, ஒட்டியிருந்தால் தொய்வையும் சேர்த்து நிரந்தரமாக்கியிருப்பீர்கள். முதலில் நடுவில் ஜாக்கை வைத்து அந்த மூன்று மில்லிமீற்றரை மீட்கவேண்டும். ஜாக்கின் தலைக்கும் தகரத்துக்கும் இடையில் வைக்க இரண்டு அடி நீளமான பனஞ்சலாகை ஒன்றைத் தேடி வையுங்கள். ஞாயிறு எட்டு மணிக்கு வருகிறேன்.